வெளிச்சத்தைக் குறைத்தால் போதும்

"பாசியை யாரும் கொண்டுவந்து மீன் தொட்டியில போடறதில்லை, இமாஸ். அது தானா வருது. ஏன் வருது, சொல்லு."

"தண்ணி அழுக்கா இருக்கறதால."

"அதான் இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. இந்தத் தண்ணியை நீ குடிக்கலாம், அவ்வளவு சுத்தம்."

"முதல்ல நீங்க குடிங்க. உயிரோட இருந்தா நான் குடிக்கிறேன்."

அவர் நிஜமாகவே ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டார். மீசையில் ஒரு இலைத் துணுக்கு ஒட்டிக்கொண்டது. நான் அதை எடுத்துவிட்டபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வெளிச்சம் அதிகமானாத்தான் பாசி. செடி தின்னது போக மிச்சத்தை அது திங்குது. மருந்தெல்லாம் வேண்டாம். வெளிச்சத்தைக் குறைச்சா போதும்."

எங்களுக்குக் கல்யாணமான முதல் மழைக்காலத்தில் நடந்த பேச்சு இது. வாக்குமூலத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள் என்று சொன்னீர்கள் மேடம். எனக்கு இங்கிருந்து ஆரம்பிக்கத்தான் தோன்றுகிறது. என் கணவர் ஹெர்லான் அதோ சுவரோரம் பெஞ்சில் இருக்கிறார். பக்கத்தில் அவர் தங்கை நினிங். என் வாயால் எல்லாவற்றையும் கேட்ட பிறகுதான் புகாரில் கையெழுத்துப் போடுவேன் என்று ஹெர்லான் சொல்லியிருக்கிறாராம். நியாயம்தான். எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் எப்போதும் வேறொன்றும் நினைத்ததில்லை.

அவரை முதலில் பார்த்தது நான் வேலை செய்த துணிக்கடையில். ஜீன்ஸ் தைக்கும் கடை. முதலாளி வரவேற்பறையில் தண்ணீருக்குள் செடி வளர்க்கும் கண்ணாடித் தொட்டி வைக்க ஆசைப்பட்டார். அந்த வருஷம் பாண்டுங்கில் கடை வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அந்த ஆசை இருந்தது. தொட்டி கட்ட வந்தவர், பின்பக்கம் தொங்கவிடக் கறுப்புத்துணி கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. என் கல்யாணத்தைப் பற்றி விசாரிப்பதை ஊரில் எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். துணியை வெட்டி, ஓரம் அடித்துக் கொடுத்தேன். மறுவாரம் மறுபடியும் வந்து, துணி அளவு சரியில்லை என்றார். அளவு சரியாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியும், நான்தானே வெட்டினேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. முன்னறையில் ஒரு ஆள் படுக்கும் நீளத்துக்குத் தொட்டி வைத்திருந்தார். உள்ளே மரவேர்கள், மலை போல் அடுக்கிய கற்கள், கல்லிடுக்கில் பெரணி, தரை முழுக்கப் புல். செடிகளுக்காகக் குழாயில் விடும் கரியமில வாயு முத்து முத்தாகக் கிளம்பும். அதைப் பார்க்கவே ஊரிலுள்ள தொட்டிக்காரர்கள் எல்லாம் வருவார்கள். "அண்ணே, கறுப்புப் பாசி போக மாட்டேங்குது அண்ணே" என்று ஒருவன் வருவான். "உன் பொண்டாட்டியைவிட அதுக்கு உன்மேல பாசம் போலிருக்கு" என்பார் இவர். நான் இஞ்சிச் சாயா வைத்துக் கொடுப்பேன்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாசி கட்டுக்கடங்காமல் போனால் தொட்டியைக் கறுப்புத்துணியால் முழுக்கப் போர்த்திவிட வேண்டும். சில நாள் ஒரு துளி வெளிச்சம் போகக்கூடாது. பாசி செத்துவிடும், செடி சாகாது. கொஞ்சம் வெளுத்துப்போகும், அவ்வளவுதான். "நடுவுல ஓரத்தைத் தூக்கிப் பார்க்கக்கூடாது, இமாஸ். பாவம்னு பார்த்தா அத்தனையும் வீண்" என்பார். துணியை எடுக்கும் அன்று மீன்கள் எல்லாம் ஓடிவந்து என் பக்கம் ஒட்டி நிற்கும். எனக்கு அந்த நாள் ரொம்பப் பிடிக்கும்.

அவர் ஊர் சுற்றுகிறவர். வருஷத்துக்கு ஒருமுறை கடல் தாண்டிக் கலிமந்தான் போவார். காட்டு ஓடைகளில், கல்லில் ஒட்டி வளரும் சின்னச் செடிகளைத் தேடித்தான். அங்கே திமோத்தியுஸ் என்று ஒரு சிநேகிதர், அந்தக் காட்டுப் பக்கத்துத் தாயாக் பழங்குடி, நல்ல மனுஷர். போனால் இவர் மாதக்கணக்கில் திரும்பி வரமாட்டார். நான் தொட்டியைப் பார்த்துக்கொள்வேன். தண்ணீர் மாற்றுவேன், இலை வெட்டுவேன், கண்ணாடி சுரண்டுவேன். திரும்பி வந்ததும் முதலில் தொட்டியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். "ரெண்டுமே அப்படியே இருக்கு" என்பார்.

போகாதீங்க என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்காதபோது போனால் அது பயணம். கேட்ட பிறகும் போய்விட்டால் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயரோடு நான் எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பது? அதனால் கேட்கவில்லை.

போன வருஷம் அவர் மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில், கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா கறாரானவர்.

"போன பார்வை போனதுதான், திரும்பாது. இது வேகமா முத்துற வகை. மிச்சத்தைக் காப்பாத்தணும்னா காலையிலயும் ராத்திரியும் சொட்டுமருந்து. ஒரு வேளைகூட விடக்கூடாது. யார் போடுவீங்க?"

"நான் போடுவேன்" என்றேன்.

விடியல் தொழுகை முடிந்ததும் ஒருதரம், இரவுத் தொழுகை முடிந்ததும் ஒருதரம். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வார். மருந்து எரியும். கொஞ்ச நேரத்தில் மூக்கு வழியாகக் கசப்பு தொண்டைக்கு இறங்கும். "பாகற்காயைப் பிழிஞ்சு ஊத்துறியா?" என்பார். நான் ஒரு துண்டு பனைவெல்லம் வாயில் போடுவேன். அப்புறம் நோன்பு மாதம் வந்தது. விடிந்த பிறகு வெல்லம் தின்ன முடியாது. கசப்பு தொண்டைக்குள் இறங்குகிறதே, நோன்பு முறிந்துவிடுமோ என்று அவருக்கு ஒரே கவலை. பள்ளிவாசலில் போய்க் கேட்டார். முறியாது, மருந்துதானே என்றார்கள். நிம்மதியாக வந்து படுத்தார்.

மேடம், எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் அவைதான். கலிமந்தான் பேச்சே இல்லை. சந்தைக்கு என்னோடு வந்தார். பாதி வழியில் நின்று வேர்க்கடலைச் சாறு ஊற்றிய கீரை வாங்கித் தின்றோம். கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெருநாள் முடிந்து ஆஸ்பத்திரி போனோம். அழுத்தம் இறங்கிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, வழக்கம்போல் எங்கே வேண்டுமானாலும் போகலாம், மருந்தை மட்டும் விடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. எனக்கும் சந்தோஷம்தான்.

அந்த வாரமே திமோத்தியுஸ் வந்தார். கலிமந்தானில் பொன்டியானக் பக்கம் ஆற்றோரமாக நிலம் வாங்கியிருந்தார். செடிப்பண்ணை போடப்போகிறாராம், கூட வந்து நடத்து என்று இவரைக் கூப்பிட்டார். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, அங்கேயே இருக்கவேண்டும்.

"முதல்ல நான் போய்ப் பார்க்கிறேன். சரியா இருந்தா இவளைக் கூட்டிக்கிறேன்" என்றார் இவர்.

"அண்ணி, பேசாம அண்ணனை எங்ககிட்ட குடுத்துடுங்க" என்றார் திமோத்தியுஸ். "ஆத்து மீனாப் போட்டு வளர்த்துடறோம்."

"வளர்த்துட்டுத் திருப்பித் தருவீங்களா?"

"அதெப்படி? ஆத்துல விட்டதைத் திரும்பப் பிடிச்சுத் தொட்டியில போட்டா நிக்குமா அண்ணி?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சூடான அரிசி ஆப்பம் இருந்த தட்டைத் திமோத்தியுஸ் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

நான் எதுவும் திட்டம் போடவில்லை. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து மருந்து தீர்ந்தது. புதுக்குப்பி வாங்கி வந்திருந்தேன். பக்கத்தில் என்னுடைய கண்ணீர்த் துளி மருந்து இருந்தது. தையல் வேலையில் கண் காய்ந்துபோகும் என்று நான் போட்டுக்கொள்வது, வெறும் உப்புத்தண்ணீர் மாதிரி, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. அவருடைய பழைய குப்பியைக் கழுவி அதை ஊற்றி வைத்தேன். அவருக்குக் கெடுதலான எதையும் அவர் கண்ணில் நான் ஒருநாளும் போடவில்லை.

"இன்னிக்கு எரியலையே" என்றார்.

"உடம்புக்குப் பழகியிருக்கும்."

கசப்பு வரவில்லையே என்று யோசிப்பதற்குள் வெல்லத்தை வாயில் போட்டேன். அதற்குப் பிறகு எப்போதும் சொட்டு விட்ட கையோடு வெல்லம். கொஞ்சம் பெரிய துண்டாகவே போடுவேன்.

குறைத்தேன், அவ்வளவுதான். அழுத்தம் கொஞ்சம் ஏறினால் டாக்டரம்மா பயணத்துக்கு வேண்டாம் என்பார், அப்புறம் மருந்தைப் பழையபடி போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அப்படித்தான் நடந்தது. டாக்டரம்மா வேண்டாம் என்றார், வேறு மருந்து எழுதினார். ஆனால் இவர் என்ன சொன்னார் தெரியுமா? "சரியானதும் போறேன்" என்றார். சரியானதும். நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய முடியும்? நடுவில் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அத்தனையும் வீண்.

புது மருந்தையும் மாற்றினேன். பிறகு ஆபரேஷன் பற்றிப் பேச்சு வந்தது. அவருக்குக் கத்தி என்றாலே பயம். அந்தப் பயத்தை நான் வளர்க்கவில்லை, குறைக்கவும் இல்லை. அடுத்த தேதி வாங்க ஆஸ்பத்திரிக்கு நான்தான் போன் பண்ணவேண்டும். டாக்டரம்மா மக்காவுக்கு உம்ரா போயிருக்கிறார் என்று ஒருதரம் சொன்னேன். இன்னொருதரம் வேறு ஏதோ சொன்னேன். அவர் நம்பினார். என்னை நம்புவது அவருக்குப் பழக்கம்.

பார்வை ஓரத்திலிருந்து உள்பக்கமாகப் போகும், மேடம். முதலில் பக்கத்தில் வருகிறவர்கள் தெரியாது. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குவளை தெரியாது. நான் குவளையை எடுத்துக் கையில் கொடுப்பேன். மழைக்கால முடிவில் திமோத்தியுஸ் மறுபடி வந்தார். வாசலில் கைநீட்டி நின்றவரை விட்டுவிட்டு இவர் கதவுக்கு வணக்கம் சொன்னார். திமோத்தியுஸ் அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

போகும்போது என்னிடம் தனியாக, "அண்ணி, நீங்க இல்லைன்னா இந்த மனுஷன் என்ன ஆகியிருப்பார்?" என்றார். பண்ணைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் மீன் வறுத்தேன். முள் எடுத்து ஊட்டினேன்.

இதற்கப்புறம் மருந்தைத் திரும்பத் தொடங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். திரும்பத் தொடங்கினால் மறுபடி எரியும், மறுபடி கசக்கும். ஏன் என்று கேட்பார். அதோடு, ஏற்கெனவே போனது போனதுதான் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். மிச்சம் இருந்தது ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவர் தடுமாறுவதைவிட, முழுக்க என்மேல் சாய்ந்துகொள்வது அவருக்கு நிம்மதி என்று எனக்குப் பட்டது. அவரும் அமைதியாகத்தான் இருந்தார். சாயங்காலம் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்காருவோம்.

"எப்படி இருக்கு?" என்பார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு. பெரணியில புது இலை விட்டிருக்கு. இறால் குட்டி போட்டிருக்கு."

"புல்லு?"

"நீங்க வெட்டினப்போ எப்படி இருந்ததோ அப்படியே."

அப்போது ஒருநாள் சொன்னார்: "இமாஸ், உன் முகம்கூட இப்போ தெரியலை. தொட்டி விளக்கு மட்டும் வெள்ளையா ஒரு திட்டு மாதிரித் தெரியுது. அது ஒண்ணுதான்."

எனக்கு மனசு தாங்கவில்லை. அன்றிலிருந்து அவர் விழித்திருக்கும்போது விளக்கை அணைப்பதில்லை. அவர் எழுந்திருக்கும்போது போடுவேன், அவர் தூங்கின பிறகுதான் அணைப்பேன். அவருக்காக நான் செய்த எல்லாவற்றிலும் யோசிக்காமல் செய்தது அது ஒன்றுதான். அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் பச்சைப் புள்ளி, சுரண்டினேன். பிறகு கல்லில் நூல் நூலாக. வேரில் கறுப்புத் தாடி. பெரணி மூச்சுவிட முடியாமல் கிடந்தது. கை வலிக்கப் பிடுங்கினேன். பிடுங்கிய இடத்தில் அடுத்த வாரமே முளைத்தது. விளக்கைக் குறைத்தால் போதும், எனக்குத் தெரியாதா? மனசு வரவில்லை. சாயங்காலம் கேட்டால், கண்ணாடி மாதிரி இருக்கு என்றே சொன்னேன்.

மறுபடி நோன்பு மாதம் வந்தது. ஒருநாள் நோன்பு திறக்கச் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் சட்டைக்கையை மடித்துவிட்டு, முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டு நின்றுகொண்டிருந்தார்.

"இமாஸ், இது என்ன?"

"எது?"

"கை பூரா முடி மாதிரி சுத்துது."

"இப்பத்தான், ரெண்டு நாளா கொஞ்சம்."

"ரெண்டு நாள்ல இந்த நீளம் வராது. மனுஷங்க வயசு வேணா எனக்குத் தப்பும், பாசியோட வயசு தப்பாது." கையை எடுத்தார். பச்சை நூல் விரலிலிருந்து தொங்கியது. "விளக்கு எவ்வளவு நேரம் எரியுது?"

"நீங்க எழுந்ததுலேர்ந்து தூங்கற வரைக்கும்."

"யாரு அப்படிப் போடச் சொன்னா?"

"அது ஒண்ணுதான் தெரியுதுன்னு சொன்னீங்களே."

 அவர் கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் துண்டை எடுத்துத் துடைக்கப் போனேன். துண்டை வாங்கித் தானே துடைத்துக்கொண்டார்.

"கண்ணாடி மாதிரி இருக்குன்னு நேத்துகூடச் சொன்னே."

"வருத்தப்படுவீங்கன்னுதான்."

"வேற என்னென்னல்லாம் அப்படிச் சொன்னே?"

கோபமாகக் கேட்கவில்லை. அவருக்குக் கோபப்படத் தெரியாது.

மறுநாள் விடியல் தொழுகை முடிந்து மடியில் படுத்தார். சொட்டு விட்டேன். நோன்பாயிற்றே, வெல்லம் இல்லை. இதை நான் யோசித்திருக்க வேண்டும். நோன்பு தொடங்குமுன் சாப்பிடும்போதே போட்டிருந்தால் தீர்ந்தது. அந்த மாதம் ஆரம்பித்ததிலிருந்து அப்படித்தான் போட்டேன். அன்று மட்டும், முந்தைய நாள் பேச்சு மனசில் ஓடிக்கொண்டிருந்ததில், மறந்துவிட்டேன். அவர் எழுந்திருக்காமல் அப்படியே படுத்திருந்தார். தொண்டை அசைந்தது. எச்சில் விழுங்கினார், காத்திருந்தார், மறுபடி விழுங்கினார்.

"போன வருஷம் கசப்புக்குப் பயந்து பள்ளிவாசல்ல போய்க் கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அந்தக் குப்பியைக் கொடு."

கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நினிங் வரும்வரை அதை வெளியே எடுக்கவில்லை. அன்றே காரூத்திலிருந்து நினிங் வந்துவிட்டாள். யாரிடமோ போன் போடச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவள் குப்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்னதும் தெரியும்.

ஆமாம், நான்தான் செய்தேன். என் கணவர் கண்ணை நான்தான் அணைத்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும், இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

போகவேண்டாம் என்று ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நீங்கள் இப்போது கேட்டீர்கள், அதன் காரணத்தைத்தான் முன்பே சொன்னேன். நான் மறுபடி சொல்வதற்குள் ஹெர்லான் பேசிவிட்டார், அறைக்குள் வந்ததிலிருந்து அவர் பேசியது அவ்வளவுதான். நீங்களும் கேட்டீர்கள்.

"திமோத்தியுஸுக்கு நான் கடைசிவரைக்கும் சரின்னு சொல்லலை, இமாஸ். நீ வேண்டாம்னு ஒரு தடவை சொல்லுவியான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் அதைத்தான் பார்த்தேன்."

மனசு நொந்திருப்பவர் இப்படித்தான் பேசுவார். போயிருப்பார், எனக்குத் தெரியும். அவரைவிட எனக்கு அவரைத் தெரியும்.

நீங்கள் காகிதத்தை நீட்டினீர்கள். நினிங் அவர் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினாள். "இங்கதாண்ணே. கொஞ்சம் கீழே. ம்." அவர் கையெழுத்து முன்பெல்லாம் நேராக இருக்கும், இப்போது சரிந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. நினிங் என்னைப் பார்க்காமல், "வாண்ணே, காரூத் பஸ் போயிடும்" என்றாள். அவர் எழுந்தார். அவள் முழங்கையைத் தவறான பக்கம் பிடித்திருக்கிறாள். அவருக்கு வலதுபக்கம் ஆள் இருந்தால்தான் நடக்க வரும். வாசல்வரை போய்விட்டார்கள்.

இத்தனை வருஷமாக நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை, மேடம். தயவுசெய்து ஒரு நிமிஷம்.

"போகாதீங்க" என்றேன். "உங்களுக்கு இனிமே யாரு பார்த்துச் சொல்லுவா?"